இலைக்கு முன்னால் வந்த பூ

மே மாதம் இரண்டாவது வாரம். மூன்று நாள் முன்பு நல்ல கோடை மழை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியம்மா காலை ஆறு மணிக்கு அழைத்தார்.

"கொல்லையில ஒண்ணு வந்திருக்கு தம்பி. பூவா, காளானான்னே தெரியல. நேத்து ராத்திரி பூரா பொண நாத்தம். எலிதான் செத்துக் கெடக்குன்னு டார்ச் அடிச்சுத் தேடினோம். விடிஞ்சு பாத்தா இது உக்காந்திருக்கு. படம் அனுப்பியிருக்கேன், பாரு."

படத்தைப் பார்த்தேன். துவைகல்லுக்கும் முருங்கைக்கும் நடுவே ஈரமண் வெடித்திருந்தது. அந்த வெடிப்பிலிருந்து சோற்றுப் பானையின் வாயகலத்துக்கு ஒரு மடல் விரிந்து, ஓரமெல்லாம் சுருண்டு அலையலையாக நின்றது. வெளிப்பக்கம் வெளிறிய பச்சையில் வெள்ளைப் புள்ளிகள், உள்பக்கம் காய்ந்த ரத்தத்தின் நிறம். நடுவில், சுருக்கம் விழுந்த கருஞ்சிவப்பு மண்டை ஒன்று. ஒரு இலைகூட இல்லை. காம்பும் கண்ணுக்குத் தெரியவில்லை.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு ஆகாது என்று ஒருவர். கொதிநீரை ஊற்றிவிடுங்கள் என்று இன்னொருவர். பெரியம்மா முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். "பேரே தெரியாத ஒண்ணை எதுக்குக் கொல்லணும்?" என்று கேட்டு, அதன் மேல் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னை அழைத்திருந்தார். அந்தக் கேள்விக்காகவே அன்று மதியம் பஸ் ஏறினேன்.

வழியில், படத்தைப் பார்த்துத் தாவரத்தின் பெயர் சொல்லும் செல்போன் செயலி ஒன்றில் அந்தப் படத்தைக் காட்டினேன். 'பிண மலர்' என்றது. பிண மலர் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக் காடுகளுக்கு உரியது. 1878-இல் இத்தாலியத் தாவரவியலாளர் ஓடோவார்டோ பெக்காரி அதைக் கண்டு உலகத்துக்குச் சொன்னார். 1889-இல் லண்டன் கியூ தோட்டத்தில் அது முதன்முதலாக வளர்ப்பில் பூத்தது. மூன்று மீட்டர் உயரம் வரை எழும்பக்கூடியது. பெரியம்மாவின் கொல்லையில் இருந்ததோ முழங்கால் உயரம்கூட இல்லை. செயலி சொன்ன பெயர் தவறு. ஆனால் அதைத் தூக்கிப் போட்டுவிடவும் கூடாது. அது சரியான வீதிக்கு வந்துவிட்டு, வீட்டு எண்ணைத் தவறவிட்டிருக்கிறது. பேரினம் சரி, சிற்றினம் தவறு. படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம்தான் போகமுடியும். எந்த ஊர், எந்த மாதம், எவ்வளவு உயரம், என்ன வாசனை, பக்கத்தில் என்ன இருந்தது என்பதெல்லாம் அந்த இடத்தில் நிற்கும் மனிதர் சொல்லவேண்டியவை.

மாலை ஐந்து மணிக்குக் கூடையைத் தூக்கினோம். நாற்றம் பாதிக்கு மேல் அடங்கியிருந்தது. குந்தி உட்கார்ந்து மடலை மெல்ல விலக்கி டார்ச் அடித்தேன். பெரியம்மாவும் பக்கத்தில் குனிந்தார்.

பூ என்று நாம் அழைத்துக்கொண்டிருந்தது ஒற்றைப் பூ அல்ல. வாழைப்பூவை ஆய்ந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. அங்கே ஒவ்வொரு மடலைத் தூக்கினாலும் வரிசையாகச் சிறு பூக்கள் இருக்கும். மொத்தத்தை 'வாழைப்பூ' என்கிறோமே தவிர அது ஒரு பூங்கொத்து. இங்கே மடல் ஒன்றே ஒன்று. அதன் நடுவில் பருத்த தண்டு. தண்டின் அடியில் நூற்றுக்கணக்கான பெண் பூக்கள் நெருக்கியடித்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறிய பச்சைச் சூற்பை, அதன் மேல் ஊதாக் காம்பு, காம்பின் நுனியில் மஞ்சள் சூலகமுடி. அதற்கு மேலே வெளிர்மஞ்சள் பட்டையாக ஆண் பூக்கள். இதழ் என்று ஒன்றுகூட எங்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே அந்தச் சுருங்கிய மண்டை. அதில் பூவே கிடையாது. ஆண் பூக்களிலிருந்து மகரந்தம் பொடியாகவும் நூலாகவும் வழிந்து, கீழே பெண் பூக்களின் மேலும் மடலின் உள்சுவரிலும் படிந்திருந்தது. நாலைந்து கருவண்டுகள் அதில் புரண்டுகொண்டிருந்தன.

ஒற்றை மடல், நடுவில் சதைப்பற்றான தண்டு, அதில் இதழில்லாத நுண்பூக்கள் என்றால் குடும்பம் தெரிந்துவிட்டது. சேம்புக் குடும்பம். தாவரவியலில் அரேசி என்பார்கள். கல்யாண மேடைகளில் செருகும் ஆந்தூரியம், பால்கனியில் தொங்கும் மணி பிளான்ட், குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை எல்லாமே இந்தக் குடும்பம்தான். ஆந்தூரியத்தின் சிவப்பு 'இதழ்' உண்மையில் மடல். அதன் நடுவில் நிற்கும் விரல்தான் பூக்கள் இருக்கும் இடம்.

குடும்பம் தெரிந்த பிறகு இனத்துக்குப் போகவேண்டும். அதற்குத் தாவரவியலாளர்கள் திறவுகோல் என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். வழியில் கவை கவையாகப் பிரியும் பாதை போன்றது அது. ஒவ்வொரு கவையிலும் ஒரு கேள்வி, இரண்டு பதில்கள். எது பொருந்துகிறதோ அந்தப் பக்கம் திரும்பவேண்டும். சென்னை மாகாணத்துத் தாவரங்களுக்கு அப்படி ஒரு நூலை ஜே.எஸ். கேம்பிள் 1915-இல் வெளியிடத் தொடங்கினார். அவர் மறைந்தபின் சி.இ.சி. ஃபிஷர் 1936-இல் அதை முடித்தார். பின்னாளில் திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து அருட்தந்தை கே.எம். மேத்யூ தமிழகத் தாவரங்களுக்கு விரிவான நூல்தொகுதி எழுதினார். வெயிலில் செடி செடியாக நடந்து சேகரித்து எழுதப்பட்ட உழைப்பு அது. நம் பல்கலைக்கழக நூலகங்களில் இந்தத் தொகுதிகள் தூசி படிந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் கசக்கும்.

நாங்கள் திரும்பவேண்டிய கவைகள் இரண்டே. பூத்திருக்கும்போது காம்பு நீண்டு மேலெழுந்திருக்கிறதா, மண்ணை ஒட்டியே குட்டையாக இருக்கிறதா? தமிழகக் காடுகளில் இருக்கும் இதன் உறவினங்கள் சிலவற்றில் ஒல்லியான நீண்ட காம்பின் நுனியில் மடல் நிற்கும். எங்களுடையது மண்ணிலேயே உட்கார்ந்திருந்தது. அடுத்தது, தண்டின் நுனி வால்போல் கூராக நீள்கிறதா, மண்டைபோல் உருண்டு சுருங்கியிருக்கிறதா? உருண்டை. இந்த இரண்டும் மணி வடிவ மடலும் சேர்ந்தால் விடை ஒன்றுதான்.

"பெரியம்மா, இது சேனை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்தச் சேனை?"

"நீங்க மசாலா தடவி வறுப்பீங்களே, அதே சேனைக்கிழங்குதான்."

"அம்பது வருஷமா வெட்டிச் சமைக்கிறேன், இது இப்படிப் பூக்கும்னு ஒருத்தரும் சொன்னதில்லையே!"

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. சேனை பயிரிடுபவர் ஏறத்தாழ அரைக் கிலோ துண்டுகளாகக் கிழங்கை வெட்டி நடுவார். எட்டு ஒன்பது மாதத்தில் தோண்டிவிடுவார். அந்தக் காலத்துக்குள் அது இலைதான் விடும். பூப்பதற்குக் கிழங்கு ஒரு அளவுக்கு மேல் பருத்திருக்கவேண்டும், ஒரு பருவம் மண்ணில் உறங்கி எழவேண்டும். பறிக்காமல் விட்ட கிழங்குதான் பூக்கும். தோட்டக்காரர் கண்ணுக்கே அபூர்வமாகத் தெரிகிற ஒன்று, சந்தையில் துண்டு வாங்கிச் சமைப்பவர் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இதன் அறிவியல் பெயர் அமார்ஃபோஃபாலஸ் பியோனிஃபோலியஸ். முதற்பாதி கிரேக்கம். உருக்குலைந்த ஆண்குறி என்று பொருள். நடுத்தண்டின் தோற்றத்தைப் பார்த்து வைத்தது. பிற்பாதி, பியோனிச் செடியின் இலையைப் போன்ற இலை உடையது என்கிறது. பழைய நூல்களில் இதே செடியைக் கேம்பனுலேட்டஸ், அதாவது மணி வடிவானது, என்று பார்க்கலாம். பியோனிஃபோலியஸ் என்ற பெயரின் வேர் ஐரோப்பாவில் இல்லை, பக்கத்துக் கேரளத்தில் இருக்கிறது. கொச்சியில் டச்சுக்காரர்களின் மலபார் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபாரின் செடிகளை வரையவைத்து, 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்குஸ்' என்ற நூலை உருவாக்கினார். அதன் 12 தொகுதிகள் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாயின. அதற்கு மருத்துவ அறிவைத் தந்தவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அந்த நூலில் சேனை 'சேன' என்ற பெயரோடேயே, படத்தோடு இருக்கிறது. 1818-இல் டென்ஸ்டெட் என்ற ஜெர்மானியர் அந்த நூலின் செடிகளுக்கு லத்தீன் பெயர் வைத்தபோது 'பியோனிஃபோலியம்' பிறந்தது. 1977-இல் டான் நிக்கல்சன் அதை இன்றைய பேரினத்துக்குள் கொண்டுவந்தார். நம் ஊர் வைத்தியர் அடையாளம் காட்டிய செடி, உலகம் முழுக்க ஏற்ற பெயரோடு நம் கொல்லைக்குத் திரும்பி வந்திருக்கிறது.

ஊர்ப்பெயர் போதாதா என்று பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு ஊரில் சேனையையே கருணைக்கிழங்கு என்கிறார்கள். இன்னொரு ஊரில் கருணை என்றால் கைக்குள் அடங்கும் பிடிகருணை. இரண்டும் வேறு வேறு கிழங்கு. கடையில் கேட்கும்போது இந்தக் குழப்பத்தால் பெரிய இழப்பில்லை. மருந்துக்கு என்று தேடும்போது பெயர் மாறினால் செடியும் மாறிவிடும்.

இனி அந்த நாற்றத்துக்கு வருவோம். அழுகும் இறைச்சியிலிருந்து வெளிவரும் கந்தகச் சேர்மங்களில் டைமெத்தில் டைசல்பைடும் டிரைசல்பைடும் முக்கியமானவை. சேனைப் பூ அவற்றையே தயாரித்து வெளியேற்றுகிறது. பிணம் தேடிவரும் வண்டும் ஈயும் இந்த வாசனைக்கு வருகின்றன. நிறமும் அதற்கு ஒத்துப்போகிறது, இறைச்சியின் சிவப்பு. தேன் கிடையாது. வந்த பூச்சிக்கு ஏமாற்றம்தான், ஆனால் வேலை நடந்துவிடுகிறது.

வாசனை பரவ வெப்பம் வேண்டும். ரசம் கொதிக்கும்போதுதான் தெருவுக்கு மணக்கிறது. சேனையின் உச்சிமண்டை தன்னைத் தானே சூடாக்கிக்கொள்கிறது. செடி சூடாகும் என்பதைச் சேம்புக் குடும்பத்தின் இன்னொரு செடியில் பிரான்சின் லாமார்க் 18-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்து எழுதினார். நம் உடலைப்போலவே செடியின் செல்களிலும் மைட்டோகாண்டிரியாக்கள் உண்டு. உணவை எரித்து, அதில் கிடைக்கும் ஆற்றலைச் செல் செலவழிக்கும் வடிவில் சேமித்து வைப்பது அவற்றின் வேலை. இந்தப் பூக்களிலோ, உணவு எரியும் அந்தப் பாதையிலிருந்து ஒரு கிளைப்பாதை அகலத் திறக்கிறது. அதன் வழியே போகும் ஆற்றல் சேமிக்கப்படாமல் நேராக வெப்பமாகிவிடுகிறது. கிழங்கில் மாதக்கணக்கில் சேர்த்த மாவுப்பொருள் ஓர் இரவில் எரிகிறது. இதைத் தொடங்கிவைக்கும் சமிக்ஞை என்ன என்பது நெடுநாள் புதிர். சேனையின் உறவான சௌரோமாட்டம் என்ற செடியில் அது சாலிசிலிக் அமிலம் என்று 1987-இல் இல்யா ரஸ்கினும் அவரது குழுவினரும் காட்டினார்கள். தலைவலிக்குப் போடும் ஆஸ்பிரின் மாத்திரை இதே அமிலத்திலிருந்து செய்வது. நான் போய்ச் சேர்ந்தபோது பெரியம்மா வீட்டுப் பூ ஆறிவிட்டிருந்தது. அதன் வேலை முந்தைய இரவோடு முடிந்திருந்தது.

ஏன் முந்தைய இரவு? பெண் பூக்கள் முதலில் பக்குவமாகின்றன. நாற்றமும் சூடும் உச்சத்தில் இருக்கும்போது, வேறொரு சேனைப் பூவிலிருந்து மகரந்தம் சுமந்து வரும் வண்டுக்காக அவை காத்திருக்கின்றன. மறுநாள்தான் ஆண் பூக்கள் மகரந்தத்தைக் கொட்டுகின்றன. அதற்குள் அதே தண்டின் பெண் பூக்களின் காலம் போய்விடுகிறது. தன் மகரந்தம் தன்னிடமே சேராமலிருக்க இந்த இடைவெளி. நான் பார்த்த மகரந்தப் பொடி, வண்டுகளின் முதுகில் ஏறி இன்னொரு கொல்லைக்குப் போவதற்குத் தயாராக இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் வேறு எங்கும் சேனை பூத்ததாக யாரும் சொல்லவில்லை. ஆகவே காய் பிடிக்காது என்று பெரியம்மாவிடம் சொல்லிவைத்தேன். பிடித்திருந்தால் காம்பு நீண்டு உயர்ந்து, செக்கச்சிவந்த பழங்களைக் கொத்தாகத் தாங்கியிருக்கும். மூன்று நான்கு நாளில் எங்கள் பூ சரிந்து மண்ணோடு மண்ணானது.

அந்த மாலைக்கே திரும்புகிறேன். சேனை என்று சொன்னதோடு அடையாளம் முடிந்துவிட்டதா? எனக்கு நிறைவில்லை. இந்தப் பேரினத்தில் 200-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறிவது தாவரவியலாளர்களுக்கே சிரமம். பெரும்பாலானவற்றில் பூ வரும்போது இலை இருப்பதில்லை, இலை வரும்போது பூ இருப்பதில்லை என்பது ஒரு பெரிய காரணம். பூவை எடுத்து உலர்த்தி ஒட்டியவர் இலையைப் பார்த்திருக்கமாட்டார். இலையை எடுத்தவர் பூவைப் பார்த்திருக்கமாட்டார். சதைப்பற்றான பூ காகிதத்துக்கு நடுவே அழுகி உருமாறியும் போகும். இந்தச் செடியை முழுதாக அறியவேண்டுமானால் அதே இடத்தில் ஓராண்டு இருந்து பார்த்த கண் வேண்டும். அந்தக் கண் பெரியம்மாவிடம் இருந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

"இந்த எடத்துல ஆடி ஆவணியில ஏதாவது முளைக்குமா பெரியம்மா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "குடை விரிச்ச மாதிரி ஒரு செடி வரும். தண்டெல்லாம் புள்ளி புள்ளியா இருக்கும், பாம்புத் தோலாட்டம். பப்பாளிக் கன்னாக்கும்னு விட்டுட்டேன். காய்க்கவும் இல்ல, தையில காஞ்சு சாஞ்சுடும்."

அதுதான். தண்டு என்று அவர் சொன்னது தண்டே அல்ல, இலைக்காம்பு. சேனைக்கு மண்ணுக்கு வெளியே தண்டு கிடையாது. கிழங்குதான் அதன் தண்டு. மேலே வரும் முழு 'மரமும்' ஒரே ஓர் இலை. காம்பில் இருக்கும் வெளிறிய திட்டுகள், பாசி படர்ந்த மரத்தண்டுபோலத் தோன்றி மேய வரும் விலங்கை விலக்கிவைக்கின்றன என்று சில தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஒற்றை இலை வெயிலைச் சமைத்துக் கிழங்குக்கு அனுப்புகிறது. பழைய கிழங்கு சுருங்கிக் கரைய, அதன் இடத்தில் ஆண்டுக்கு ஒரு புதுக் கிழங்கு முன்னதைவிடப் பெரிதாக உருவாகிறது.

"எத்தனை வருஷமா வருது?"

பெரியம்மா விரலை மடக்கி எண்ணினார். எண்ணிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். "உங்க பெரியப்பா தவறின வருஷம், பொங்கலுக்கு நாலு நாள் முந்தி. அவர்தான் சந்தைக்குப் போயி அத்தனை கிழங்கும் வாங்கிட்டு வந்தார். பொங்கலே வைக்கல. சேனைத் துண்டு அடுப்படி மூலையில கெடந்து முளை விட்டுச்சு. நான்தான் கொண்டாந்து இங்க குப்பைக்குழியில போட்டேன்." ஐந்து ஆண்டு.

வண்டுகள் இன்னும் மடலுக்குள் இருந்தன. நாங்கள் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

கோடை மழைக்குப் பின் கொல்லையில் முளைத்து வீட்டாரைத் திகைக்கவைக்கும் பூக்களில் பல இப்படி மண்ணுக்குள் கிழங்காகவோ குமிழாகவோ காத்திருந்தவைதான். ஒரே இரவில் புல்லுக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாகவோ வெள்ளையாகவோ எழும் மழை அல்லி, அமெரிக்கக் கண்டத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்து, தொட்டியிலிருந்து தரைக்கு இறங்கியது. வேலியோரம் இலைநுனியாலேயே பற்றி ஏறும் செங்காந்தள் நம் மாநில மலர். இதை அடையாளம் காண்பது வெறும் ஆர்வத்துக்காக அல்ல. அதன் கிழங்கில் கோல்கிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. சர்க்கரைவள்ளி என்று எண்ணித் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. ஆகவே பெயர் உறுதியாகும்வரை எந்தப் புதுச் செடியின் எந்தப் பாகமும் வாய்க்குப் போகக்கூடாது. சேனையே ஆனாலும் இப்படித் தானாக வளர்ந்ததைத் தோண்டிச் சமைப்பதில் கவனம் வேண்டும். அதன் செல்களுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. கை அரிப்பதும் தொண்டை காறுவதும் அவற்றால். புளி சேர்த்து நன்றாக வேகவைக்கும் வழக்கம் இந்தக் காறலுக்காகத்தான். திருவனந்தபுரத்தில் 1963-இல் தொடங்கிய மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் ஸ்ரீ பத்மா போன்ற தேர்ந்த ரகங்களைத் தந்திருக்கிறது. ஆந்திரத்துக் கஜேந்திரா ரகம் காறல் குறைவு என்பதாலேயே பரவியது. காட்டுச் சேனையில் காறல் மிகுதி.

உங்கள் வீட்டில் பெயர் தெரியாத பூ ஒன்று வந்தால் அதை வெட்டாதீர்கள். முழுச் செடியையும் ஒரு படம், பூவின் உள்பக்கத்தை ஒரு படம், இலை இருந்தால் மேலும் கீழும் இரண்டு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து எடுத்தால் அளவு தெரியும். தேதி, மழை பெய்த நாள், வாசனை, நிழலா வெயிலா என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். அருகிலுள்ள கல்லூரியின் தாவரவியல் துறையில் காட்டுங்கள். கோவையில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் தென்னிந்தியச் செடிகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தாள்களில் ஒட்டிப் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. ஒப்பிட்டுச் சொல்லத் தெரிந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அதற்கெல்லாம் முன்னால், அந்த வீட்டில் நெடுநாள் இருக்கும் பெரியவரிடம், போன வருடம் இந்த இடத்தில் என்ன இருந்தது என்று கேளுங்கள்.

பெரியம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிவைக்கத் தொடங்கினார். ஆடி மாதம் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். கடைசி வரி இப்படி இருந்தது: "ஆடி 14. அதே எடத்துல இலை வந்துடுச்சு. ஒரே இலைதான், என் தோள் ஒசரம்."